மேகத்தின் மேல் போட்ட பழி

சேவியர்,

மானம் போன கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். இந்த ஊரில் நான் சொல்லாமல் விட்டதை எல்லாம் கடலை வண்டி மிக்கேல் சொல்லிவிடுகிறான். உன் கல்யாணத்துக்கு வரும் பெண் வீட்டாரை அவன் பஸ் ஸ்டாண்டிலேயே மடக்கிப் பிடித்து, அவித்த கடலையோடு இதையும் பொட்டலம் கட்டிக் கொடுப்பான் என்பது நிச்சயம். ஆகவே என் வாயாலேயே கேள். நீ கோயம்புத்தூருக்குப் படிக்கப் போன மறு வருடம், ஒரு ஜனவரி மாதக் காலைப் பொழுது முழுவதும், நம் கொடைக்கானல் மலை விளிம்பு நடைபாதையில், காசு கொடுத்து என் டெலஸ்கோப்பில் பார்க்க வந்த அத்தனை பேரையும், "மிஸ்ட் எறங்கிருச்சு சார், இன்னிக்கு ஒண்ணும் தெரியாது, நாளைக்கு வெள்ளனே வாங்க" என்று கைகூப்பித் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தேன். அன்றைக்கு ஒரு நாளாவது ஏமாற்றிப் பிழைக்காத மனிதன் என்ற பெருமிதம் வேறு. அன்று வானத்தில் மருந்துக்குக்கூட மேகம் இல்லை. துடைத்து வைத்த வெண்கலப் பானை மாதிரி மலை மின்னிக்கொண்டிருந்தது.

திருச்சிக் குடும்பம் ஒன்று என் பேச்சைக் கேட்டுத் திகைத்து நின்றது. அதில் ஒரு சின்னப் பெண், "மாமா, எனக்கு டெலஸ்கோப் இல்லாமலே கீழ ஊரு தெரியுதே" என்றது. குழந்தை, பொய் சொல்லிப் பழகவில்லை. நான் சிரித்து மழுப்பப் பார்த்தேன். அதற்குள் பக்கத்துத் தள்ளுவண்டியிலிருந்து மிக்கேல் ஆரம்பித்துவிட்டான். "ஏண்ணே, பெரியகுளத்துல எவன் வீட்டு மாடியிலயோ கைலி காயுது. அதுல எத்தனை கட்டம்னு எண்ணிச் சொல்லவா? மிஸ்டாம்ல மிஸ்டு!" திருச்சிக் குடும்பம் முழுவதும் சிரித்தது. நானும் சிரித்தேன். ஆனால் டெலஸ்கோப்பில் கண்ணை வைத்துப் பார்த்தபோது பெரியகுளமும் இல்லை, கைலியும் இல்லை. பாலில் நனைத்த துணியை யாரோ முகத்துக்கு நேரே பிடித்திருந்தார்கள்.

இதை எல்லாம் அப்போது உன்னிடம் சொல்லவில்லை. "அப்பாவுக்குப் பல்வலி" என்று மட்டும் உன் அம்மா எழுதினாள். பாதி உண்மை. மீதிப் பாதியை இப்போது எழுதக் காரணம் நீ போட்ட தபால் கார்டுதான். முதுகில் வந்த கட்டி ஆறவில்லை என்றும், ரத்தம் பார்த்ததில் கொஞ்சம் சுகர் இருக்கிறது என்றும், கண்ணையும் ஒருமுறை காட்டிவிடுங்கள் என்று டாக்டர் சொன்னார், கல்யாண வேலை முடிந்து பார்த்துக்கொள்ளலாம் என்றும் எழுதியிருக்கிறாய். அப்பனுக்குப் பிள்ளை தப்பாமல் பிறந்திருக்கிறாய். மூக்கைக் கொடுத்தேன், முன் வழுக்கையைக் கொடுத்தேன். சர்க்கரை வியாதியையும் கொடுத்தாயிற்று. ஒத்திப் போடுகிற புத்தியையாவது கொடுக்காமல் விட்டிருக்கலாம்.

சமவெளியில் இருப்பவனுக்குப் பார்வை மங்கினால் அவன் கண்ணைச் சந்தேகப்படுவான். மலையில் இருப்பவன் வானத்தைச் சந்தேகப்படுவான். நம்மூர்க்காரர்களுக்கு மட்டும் வாய்த்த தப்பு இது. எழுபதுகளின் தொடக்கத்திலிருந்து அந்த டெலஸ்கோப்புக்குப் பின்னால் நிற்கிறேன். வருடத்தில் பாதி நாள் எதிரே வெள்ளைச் சுவர்தான். அந்த நாட்களில் வாயால்தான் பிழைப்பு. "இந்தப் பக்கம் சோத்துப்பாறை, அதுக்கு அங்கிட்டு பெரியகுளம், கொஞ்சம் தள்ளி வைகை அணை, நல்லாப் பாருங்க, தண்ணி மின்னுது பாருங்க" என்று மேகத்தைக் காட்டிச் சொல்வேன். ஜனங்கள் ஒற்றைக் கண்ணை இடுக்கிக்கொண்டு "ஆமா, தெரியுது தெரியுது" என்பார்கள். தேன்நிலவுக்கு வந்த ஒருவர் யானையைக்கூடப் பார்த்தார். புது மனைவி முன்னால் ஒன்றும் தெரியவில்லை என்று எப்படிச் சொல்வார், பாவம். மேகம் இல்லாத நாளில் நான் பார்த்த காட்சிகள் வேறு. கீழே வட்டக்கானல் பாதையில் யாரோடு யார் போகிறார்கள் என்பது எனக்குத்தான் முதலில் தெரியும். தபால்காரர் மகளின் காதல் தபால்காரருக்குத் தெரிவதற்கு ஒரு வருடம் முன்னால் எனக்குத் தெரியும். அப்படி ஊர் உலகத்தை எல்லாம் கண்காணித்தவன், தன் கண்ணில் நடந்ததைக் கவனிக்கவில்லை. கொஞ்சம் கொஞ்சமாக வருடம் முழுவதும் மேகம் அதிகமாகிவிட்டது என்று நம்பினேன். காட்டை வெட்டியதால் பருவம் கெட்டுவிட்டது என்று பயணிகளிடம் பிரசங்கமே செய்திருக்கிறேன்.

மிக்கேல் செய்த உபகாரத்தால் விஷயம் மதியச் சாப்பாட்டுக்குள் உன் அம்மா காதுக்குப் போனது. அவள் சண்டை போடவில்லை. அதுதான் பயமாக இருந்தது. மறுநாள் என்னை மதுரை பஸ்ஸில் ஏற்றிவிட்டாள். மலை இறங்குவதை மறந்து ஸ்வெட்டரும் குரங்குக் குல்லாவுமாக உட்கார்ந்திருந்த என்னை வத்தலக்குண்டில் எல்லாரும் நோயாளி என்றே நினைத்து இடம் கொடுத்தார்கள். நான் நோயாளிதான் என்பது மதுரையில் தெரிந்தது.

கண் ஆஸ்பத்திரியில் எனக்கு வாய்த்த டாக்டர் ஒரு சின்ன வயதுப் பெண். உன் இப்போதைய வயதைவிடக் கொஞ்சம் கூட இருக்கும். சொட்டு மருந்து விட்டு, விளக்கைக் கண்ணுக்குள் பாய்ச்சி, கிணற்றுக்குள் விழுந்த வாளியைத் தேடுவது மாதிரி வெகுநேரம் தேடினார். ரத்தம் எடுத்துப் பார்த்து வந்தபிறகு, சர்க்கரை எங்கோ உச்சியில் இருக்கிறது என்றார். கண்ணுக்குப் பின்னால் இருக்கிற மெல்லிய ரத்தக் குழாய்கள் கசிந்துகொண்டிருக்கின்றன, புதிது புதிதாக உருப்படாத குழாய்கள் முளைக்கின்றன, அவை எப்போது வேண்டுமானாலும் வெடிக்கலாம், சர்க்கரையை இறக்கிவிட்டு லேசர் வைத்து அடைக்க வேண்டும் என்றார். இதுவரை எனக்குப் புரிந்தது. பிறகு அந்தப் பெண் மூக்கைச் சுளித்து, "ஐயா, வாயத் தொறங்க" என்றார்.

"கண்ணைக் காட்ட வந்தேன் டாக்டரம்மா" என்றேன்.

"தெரியும். வாயத் தொறங்க."

திறந்தேன். அவர் ஒரு அடி பின்னால் போனார். "எத்தன நாளா ஈறுல சீழ் வச்சிருக்கீங்க?"

நான் பதில் யோசிப்பதற்குள் உன் அம்மா முந்திக்கொண்டாள். "கல்யாணம் ஆன நாள்லேருந்தே இருக்கு டாக்டரம்மா. நானும் மூக்கப் பொத்திக்கிட்டுதான் குடும்பம் நடத்துறேன்."

என் ஈறு உனக்கு நினைவிருக்கும். காலையில் துப்பினால் ரத்தம், அழுத்தினால் சீழ். நான் அதை ஒரு வியாதியாகவே நினைத்ததில்லை. இந்த மலையில் தலைவலிக்கும் தைலம், சளிக்கும் தைலம், மாமியார் வந்தாலும் தைலம். ஈறுக்கும் யூகலிப்டஸ் தைலத்தைத் தடவிவிட்டு, எரிச்சலில் கண்ணீர் விட்டு, சரியாகிவிட்டதாக நினைத்துக்கொள்வேன். அந்த டாக்டர்தான் சொன்னார். வாயில் இருக்கும் புண் வாயோடு நிற்பதில்லையாம். உடம்பில் எங்கேயாவது அழுகிக்கொண்டே இருந்தால் உடம்பு முழுவதும் ஒரு காந்தல் பரவிக்கொண்டே இருக்குமாம். அழற்சி என்று அதற்குப் பெயர் சொன்னார். அது இருக்கும்வரை எந்த ஊசி போட்டாலும் சர்க்கரை முழுசாக இறங்காது என்றார். "அதோட இன்னொண்ணுங்க. இதுக்கும் கண்ணுக்கும் எவ்வளவு தொடர்புன்னு யாருக்கும் இன்னும் முழுசாத் தெரியாது. தெரிஞ்ச மாதிரி உங்ககிட்ட சொல்ல மாட்டேன். ஆனா நான் பாத்த வரைக்கும், சர்க்கரையும் வச்சுக்கிட்டு எங்கயாவது சீழும் வச்சுக்கிட்டுத் திரியிறவங்களுக்குக் கண்ணு வெரசாக் கெடுது. அந்தக் காந்தல் கண்ணுக் கொழாயையும் விட்டு வைக்காதுன்னுதான் எனக்குத் தோணுது. ஆடுற பல்லை எல்லாம் எடுத்திருங்க."

ஏலே, கண் போகும் என்று சொன்னபோது கலங்காதவன் பல்லை எடு என்றதும் நடுங்கிவிட்டேன். சிரிக்காதே. பல் போனால் சொல் போச்சு என்று சும்மாவா சொன்னார்கள்? மேகம் மூடினால்கூட என் பிழைப்பு ஓடும், வாய் மூடினால் ஓடாது. அதை அவரிடம் விளக்கினேன். "டாக்டரம்மா, நான் பேசிச் சாப்பிடுறவன். பல்லப் புடுங்கிட்டா என் சோலி முடிஞ்சிரும்."

"கண்ணு போயிட்டா எதப் பத்திங்க பேசுவீங்க?"

"ரெண்டு வருஷமா ஒண்ணும் தெரியாமத்தானே பேசிக்கிட்டு இருக்கேன். ஒருத்தரும் கொறை சொல்லலியே."

அவருக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. உன் அம்மா சிரிக்கவில்லை. நானோ வாதத்தில் ஜெயித்த களிப்பில், ஊசி மட்டும் போட்டுக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டு, பல் அத்தனையோடும் மலை ஏறிவிட்டேன்.

அடுத்து வந்த வாரங்களில் நம் வீட்டுச் சமையல்கட்டு ஒரு பள்ளிக்கூட ஆய்வகமாக மாறியது. அந்தக் காலத்தில் வீட்டிலேயே சர்க்கரை பார்க்க ஒரு நீலத் தண்ணீர் கொடுப்பார்கள். கண்ணாடிக் குழாயில் அதை ஊற்றி, சில சொட்டுச் சிறுநீர் விட்டு, கொதிக்க வைக்க வேண்டும். நீலமாகவே இருந்தால் நல்லது. பச்சை, மஞ்சள் என்று போய், செங்கல் நிறம் வந்தால் மோசம். உன் அம்மா ஒரு அடுப்பில் சாம்பாரும் மறு அடுப்பில் என்னையும் கொதிக்க வைத்தாள். பக்கத்து வீட்டு ஸ்டெல்லா எட்டிப் பார்த்து, "என்னக்கா, புதுசா ஏதோ ரசமா?" என்று கேட்டதும், உன் அம்மா அமைதியாக, "ஆமா, ருசி பாக்குறியா?" என்றதும் அந்த நாட்களில் நடந்ததுதான். ஊசி போட்டும் ஒவ்வொரு காலையும் செங்கல் நிறம். வீடு கட்டுகிற அளவுக்குச் செங்கல் சேர்ந்தது. அப்போதும் நான் பல்லைக் கொடுக்கவில்லை. மேகத்தின் மேல் பழி போட முடியாமல் போனதால் ஊசி மருந்தின் மேல் போட்டேன்.

பிறகு ஒரு நாள் காலையில் நடைபாதையில் நின்றுகொண்டிருந்தபோது கண்ணுக்குள் ஒட்டடை மாதிரி ஏதோ ஆடியது. கையால் விலக்கினேன், விலகவில்லை. கொஞ்ச நேரத்தில் அது பரவி, மொத்த மலையும் சிவந்து, பிறகு கறுத்தது. கொடைக்கானலில் வெள்ளை மேகம் உண்டு, மழை மேகம் உண்டு. சிவப்பு மேகம் கிடையாது. பத்துப் பன்னிரண்டு வருடம் வானத்தைப் பார்த்து நின்றவனுக்கு அந்த வித்தியாசம் தெரியாதா? டெலஸ்கோப்பைப் பிடித்துக்கொண்டு, "மிக்கேலு, இங்க வாடா" என்றேன். என் குரலைக் கேட்டு அவன் கேலி பேசாமல் வந்தான். அவன் கேலி பேசாத நாள் எனக்குத் தெரிந்து அது ஒன்றுதான். கையைப் பிடித்து வீடு வரை கூட்டி வந்தான். வழியில் படிகள் வந்தபோதெல்லாம், "படிண்ணே, படிண்ணே" என்று மட்டும் சொன்னான். அந்தப் பாதையில் எனக்குத் தெரியாத படி இல்லை, சேவியர். ஆனாலும் அவன் சொல்லச் சொல்லத்தான் காலை வைத்தேன். உன்னைக் கல்யாணக் கோலத்தில் பார்க்க மாட்டேனோ என்று முதன்முதலாக அப்போதுதான் தோன்றியது. உனக்கு அப்போது பெண்ணே பார்க்கவில்லை. அப்பன் புத்தி எங்கெல்லாமோ போகும்.

வீட்டுக்கு வந்து உன் அம்மாவிடம், "பல்லை எடுத்துருவோம்" என்றேன். அவள், "கண்ணுக்கு என்னாச்சு?" என்று கேட்கவில்லை. செருப்பைப் போட்டுக்கொண்டாள்.

மதுரையில் அந்தப் பெண் டாக்டர் என்னைத் திட்டவில்லை. "வந்துட்டீங்கல்ல" என்று மட்டும் சொன்னார். முதலில் சீழ் காய மாத்திரை. பிறகு நம்மூருக்கு வரும் பல் டாக்டரிடம், ஆடிய பற்கள் ஒவ்வொரு தவணையாக விடைபெற்றன. மிச்சமிருந்தவற்றைச் சுரண்டிச் சுத்தம் செய்தார். ஒவ்வொரு தவணைக்கும் மிக்கேல் வாசலில் நின்று, பல்லுக்கு ஒரு ஊர் என்று கணக்கு வைத்து, "அண்ணே, இன்னிக்கு எந்த ஊரு போச்சு? பெரியகுளமா, தேவதானப்பட்டியா?" என்று விசாரிப்பான். ஈறு ஆற ஆறத்தான் அதிசயம் நடந்தது. அதே ஊசி, அதே கேழ்வரகுக் களி, அதே மனைவி. ஆனால் குழாயில் செங்கல் போய் மஞ்சள் வந்தது. மஞ்சள் போய்ப் பச்சை. ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசைக்குக் கிளம்புகிற நேரத்தில் உன் அம்மா சமையல்கட்டிலிருந்து குழாயைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடி வந்தாள். மாதாவின் அங்கி மாதிரி நீலம். அதைக் கோயிலுக்கே எடுத்துக்கொண்டு போயிருப்பாள், நான்தான் தடுத்தேன்.

சர்க்கரை அடங்கியபிறகு லேசர் வைத்தார்கள். வலி என்று பெரிதாக இல்லை. மின்னல் மின்னலாகப் பச்சை வெளிச்சம், கண்ணை அசைக்கக் கூடாது. என்னைப் போன்றவனுக்கு வாயை அசைக்கக் கூடாது என்பதுதான் தண்டனை. இருக்கிற பார்வையைக் காப்பாற்றத்தான் லேசர், போனதைத் திருப்பித் தர அல்ல, உள்ளே கசிந்த ரத்தம் மெல்ல வடிந்தால் கொஞ்சம் தெளியலாம், பார்க்கலாம் என்றார் டாக்டர். நானும் பார்க்கலாம் என்று மலை ஏறினேன். முன்வரிசைப் பல் இல்லாமல் என் விளக்க உரை எப்படி இருந்தது என்று கேட்கிறாயா? சோத்துப்பாறை என்று சொல்லும்போது அணையே உடைந்த மாதிரி காற்றும் தண்ணீரும் பறந்தன. ஜனங்கள் ஓடிவிடுவார்கள் என்று நினைத்தேன். பள்ளிக்கூடச் சுற்றுலாப் பிள்ளைகள், "இன்னொரு தடவ சொல்லுங்க தாத்தா" என்று வரிசையில் நின்றார்கள். தாத்தா என்றதுதான் வலித்தது. சொல் போகவில்லை, சேவியர். இரண்டு மடங்காக வந்தது.

அடுத்த குளிர்காலத்தில் ஒரு நாள். உச்சிப்பொழுது, பயணிகள் யாரும் இல்லை. வழக்கம்போல டெலஸ்கோப்பைத் துடைத்துவிட்டு, வழக்கம்போலக் கண்ணை வைத்தேன். சும்மா கீழே திருப்பினேன். தைல மரங்களுக்கு நடுவே நம் வீட்டிலிருந்து ஏறி வரும் பாதை தெரிந்தது. மரத்தின் பட்டை உரிந்து தொங்குவது தெரிந்தது. ஒரு பாறை தெரிந்தது. பாறையின் மேல் என் மதியச் சாப்பாட்டுத் தூக்குச்சட்டி. அதன் பக்கத்தில் உன் அம்மா. எனக்காகத் தானும் இனிப்பைத் தொடுவதில்லை என்று ஊரெல்லாம் சொல்லி, பங்குச் சாமியாரிடம் பாராட்டே வாங்கிய உன் அம்மா. அவள் கையில் பேக்கரி பன். இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டு அவசர அவசரமாகக் கடித்துக்கொண்டிருந்தாள்.

நான் போட்ட சத்தத்தில் மிக்கேலின் கடலைச் சட்டி கவிழ்ந்தது. "ஆரோக்கியம்! அடியே ஆரோக்கியம்! அகப்பட்டுக்கிட்டியா!"

அவள் திருட்டு முழியோடு அண்ணாந்து பார்த்தாள். பிறகு தூக்குச்சட்டியை அங்கேயே விட்டுவிட்டு, மூச்சிரைக்க ஏறி ஓடி வந்தாள். மறுப்பாள் என்று நினைத்தேன். அவள் என் முன்னால் நின்று, "என்ன பாத்தீங்க? சொல்லுங்க, என்ன பாத்தீங்க?" என்றாள்.

"பன்னு தின்ன."

"அது வாசம் புடிச்சுக்கூடச் சொல்லுவீங்க. என்ன பன்னு?"

"இம்புட்டு தூரத்துக்கு எவனுக்குடி வாசம் வரும்? ஜாம் பன்னு. செவப்பு ஜாம். கீழ் உதட்டுல இடது பக்கம் ஒட்டிக் கெடந்துச்சு. இன்னும் கெடக்கு."

அவள் உதட்டைத் தொட்டுப் பார்த்தாள். விரலில் வந்த ஜாமைப் பார்த்தாள். அப்படியே கைப்பிடிச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். மிக்கேல் பதறிப்போய், "அண்ணே, ஒரு பன்னுக்காக இப்பிடியா மதினியைத் திட்டுவீங்க?" என்று கேட்டான். அவள் முந்தானைக்குள்ளிருந்தே, "நீ சும்மா கெட மிக்கேலு. அவருக்கு ஜாம் தெரியுது" என்றாள். மலை முழுவதும் என் கையில் திரும்பக் கிடைத்த நாள் அது. அன்றைக்கு வந்தவர்களுக்கு நான் காட்டாத ஊர் இல்லை. கைலிக் கட்டங்களை எண்ணி மிக்கேலிடம் ஒப்பித்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போனேன். சர்க்கரை ஒரு பக்கம், சீழ் ஒரு பக்கம், என் சோம்பல் ஒரு பக்கம் என்று மூன்று பேர் சேர்ந்து பிடுங்கப் பார்த்ததை, ஒரு சின்ன வயது டாக்டரும் உன் அம்மாவும் சேர்ந்து மீட்டுக்கொடுத்தார்கள். என் பங்குக்கு நான் கொடுத்தது பற்களை மட்டுமே.

ஆகவே உன் முதுகுக் கட்டியைத் தனி வியாதி, சர்க்கரையைத் தனி வியாதி, கண்ணைத் தனி வியாதி என்று மூன்று அறையில் பூட்டி வைக்காதே. வீடு ஒன்றுதான், புகை எல்லா அறைக்கும் போகும். கட்டி முழுசாக ஆறுகிறவரை டாக்டரை விடாதே. ஈறைக் கண்ணாடியில் பார், பாதத்தைத் தினமும் பார். கண் நன்றாகத் தெரிகிறதே என்று சொல்லாதே. அது கெட ஆரம்பிக்கும்போதும் நன்றாகத்தான் தெரியும். சொட்டு மருந்து விட்டுப் பார்த்தால்தான் உள்ளே நடப்பது தெரியும். அந்த மருந்து விட்டால் அரை நாள் எல்லாம் மங்கலாக இருக்கும். அன்றைக்கு மட்டும் பெண் வீட்டுப் பக்கம் போகாதே, மாமியாரைப் பெண் என்று நினைத்துச் சிரித்துவிடுவாய். கல்யாணம் முடிந்து பார்க்கலாம் என்பது வேண்டாம். பத்திரிகை வைக்கப் போவதற்கு முன்னால் கண்ணைக் காட்டு. கல்யாணத்தன்று நான் முன்வரிசையில், புதுப் பல் செட்டோடு, உன் கழுத்து மாலையில் எத்தனை பூ வாடியிருக்கிறது என்று பார்த்துக்கொண்டிருப்பேன்.

பல்லைக் கட்டிக்கொண்டு நான் இழுத்தடித்த அந்த வாரங்களைப் பற்றி ஒன்று மட்டும் பாக்கி. மதுரையில் காப்பாற்றிக் கொடுத்தது வலது கண்ணை மட்டும். இடது கண்ணில் பகல் எது, இரவு எது என்பது மட்டும் தெரியும். டெலஸ்கோப்பில் பார்க்கும்போது எல்லாரும் ஒரு கண்ணை மூடிக்கொள்ள வேண்டும்; எனக்கு அந்த வேலை மிச்சம்.

அப்பா